இருட்டைத் தேடி தாலினுக்கு

சிங்கப்பூரில் சூரியன் ஓர் அரசாங்க ஊழியர். காலை ஏழு மணிக்கு வருவார், மாலை ஏழு மணிக்குக் கிளம்புவார், வருடம் முழுக்க இதே வேலை நேரம். கொஞ்சம் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் தாமதமானால் எங்கள் ஆட்கள் புகார் கொடுத்துவிடுவார்கள். இப்படி ஓர் ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள், ராத்திரி என்பது எல்லா ஊரிலும் தானாக வந்து சேரும் என்று நம்பியதில் என்ன தப்பு? அந்த நம்பிக்கையோடுதான் நானும் இயக்குநர் சர்குணமும் மே மாத நடுவில் எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில் போய் இறங்கினோம். முழுக்க முழுக்க ராத்திரியில் நடக்கும் ஒரு படத்துக்கு இடம் பார்க்கப் போனோம்.

நான் தமிழ்த் தொலைக்காட்சிப் படங்களுக்குத் தயாரிப்பு நிர்வாகி. பட்டம் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலம் முதல் விமான டிக்கெட் வரை எல்லாம் என் தலையில். எது சொதப்பினாலும் அதுவும் என் தலையில். யூனிட்டில் எல்லோருக்கும் நான் பிரேமா அக்கா. அவசரத்தில் இருப்பவர்களுக்கு வெறும் ‘கா’.

இந்தக் கூத்து தொடங்கியது எங்கள் இந்தியக் கடைவீதியான தேக்காவில், பஃபலோ சாலைப் பக்கம் ஒரு பரோட்டா கடையில். சர்குணம் தன் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பனி மூடிய கூரைகள், மஞ்சள் விளக்கு, ஆளில்லாத கல் பாவிய சந்து, அதற்கு மேல் மை மாதிரி வானம்.

“லண்டன், பாரிஸ், சுவிஸ் எல்லாம் போதும் கா. இது நம்மாளு யாரும் எடுக்காத ஊரு. என்னா மூடு பாத்தீங்களா! இருட்டே ஒரு கேரக்டர் லா.”

கதை இதுதான். கப்பல் பட்டறை வேலைக்கு அந்த ஊருக்குப் போன கணவன் திடீரென்று ஃபோன் எடுப்பதை நிறுத்திவிடுகிறான். மனைவி தனியாகத் தேடிக்கொண்டு போகிறாள். மறுநாள் காலை அவளுக்குத் திரும்பும் விமானம், கையில் இருப்பது ஒரே ராத்திரி. தீபாவளிக்கு ஒளிபரப்பு. சேனலும் சரி என்று சொல்லிவிட்டது.

அந்த மனைவியாக நடிக்கப் போகிறவள் எதிரே உட்கார்ந்து தே தாரே என்ற நுரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மலர்விழி, குவீன்ஸ்டவுனில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. மலர் பல வருடமாக நடிக்கிறாள். கதாநாயகியின் அக்கா, கதாநாயகனின் அண்ணி, ஆஸ்பத்திரித் தாதி, போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டராக அவள் கைது செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால் தேக்காவிலிருந்து ஃபேரர் பார்க் வரை போகும். நடிப்பில் அவளை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது, அதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கதாநாயகி வேடம் என்று வந்தால் அவள் பெயரை மட்டும் யாரும் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை.

“எல்லா சீன்லயும் நான் இருக்கேன் கா,” என்றாள் என்னிடம், மெதுவாக. “கடைசி வரைக்கும் சாகவும் இல்ல.”

அவளுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும் வருடக் கடைசியிலும்தான். வருடக் கடைசி என்றால் தீபாவளி போய்விடும். ஆகவே ஜூன். டீ ஆறுவதற்குள் தேதி முடிவாகிவிட்டது. சிங்கப்பூரில் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாமே பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் நடக்கும், சினிமா மட்டும் என்ன விதிவிலக்கா? அந்தப் படங்கள் எந்த மாதத்தில் எடுத்தவை என்று மேசையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

தாலினில் எங்களை அழைத்துப் போக வந்தவர் ரைவோ. உள்ளூர் ஏற்பாட்டாளர், பனைமர உயரம், வாயைத் திறக்க வாடகை கேட்பார் போலிருந்தது. “பயணம் எப்படி?” என்று கூடக் கேட்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சர்குணம் ஒரு மணி நேரப் பேச்சை வாயிலேயே தயாராக வைத்திருந்தவர். சமமாகப் பேச ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் என் காதிலேயே கொட்டினார்.

பழைய நகரத்துக்குள் கார் போகாது என்று ஓரிடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கருங்கல் பாவிய மேட்டுத் தெரு. சாங்கி விமான நிலையத்தின் வழவழ தரையில் தானாக ஓடிய என் பெட்டி, நூறடி போவதற்குள் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது. ரைவோ அதைக் குனிந்து எடுத்து என் கையில் பத்திரமாகக் கொடுத்தார். பெட்டியை மட்டும் தூக்கவில்லை. இவர்களுடைய மரியாதை வேறு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நிலவறைக் கடை. கறுப்பு ரொட்டி, அதன் மேல் வெண்ணெய், அதன் மேல் பாதி அவித்த முட்டை, அதன் மேல் உப்பில் ஊறிய சின்ன மீன் ஒன்று. நம்ம நெத்திலிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் வறுக்காமல், மிளகாயைக் கண்ணால்கூடக் காணாமல் வந்திருந்தது. நான் கைப்பையிலிருந்து மிளகாய்ச் சம்பால் பாட்டிலை எடுத்தேன். பரிமாறும் பெண் அதை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சமையல்காரரைக் கூட்டி வந்தாள். அவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார், கண் கலங்க நின்றார், பிறகு இன்னொரு விரல் தொட்டார். ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நண்பர் அவர்தான்.

ரொட்டியைத் தின்று முடித்து மேலே ஏறி வந்தால், வெளியே பளீரென்று வெயில். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சர்குணம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சூப்பர் லா, கோல்டன் ஹவர்!” என்றார், சாயும் பொன்வெயிலைக் காட்டி. ஆளுக்கொரு காப்பி குடித்தோம். கோல்டன் ஹவர் போகிற வழியாகத் தெரியவில்லை. கோட்டைச் சுவரைச் சுற்றி வந்தோம். பத்து மணிக்குச் சூரியன் மனசில்லாமல் இறங்கியது. இறங்கியும் வெளிச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு மணிக்கு வடக்குப் பக்கம் ஆரஞ்சுக் கோடு, மேலே கழுவிவிட்ட நீலம். மை மாதிரி வானம் எங்கேயும் கிடையாது.

சர்குணம் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரைவோவிடம் ஆங்கிலத்தில் கேட்டார், “இருட்டு எப்போது வரும்?”

ரைவோ யோசித்தார். “ஆகஸ்ட்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ ஆறுதல் சொல்வது போல, “ஜூனில் இதுவும் இருக்காது,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “உங்க கேரக்டர் ஆகஸ்ட்லதான் கால்ஷீட் குடுத்திருக்கு, சர்குணம்.” அவர் சிரிக்கவில்லை. பாவம், மனுஷன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஓட்டல் பக்கத்துக் கடையில் கூட்டம். சர்குணம் ஊர்ப் பழக்கத்தில் காலி மேசை ஒன்றில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றார். எங்கள் ஊரில் டிஷ்யூ வைத்த இடத்தில் அமைச்சரே வந்தாலும் உட்கார மாட்டார். தட்டோடு திரும்பினால், அங்கே ஒரு பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்து, எங்கள் பொட்டலத்திலிருந்தே ஒன்றை உருவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நன்றி வேறு சொன்னார். நின்றுகொண்டே தின்றோம்.

அன்று முழுக்க இடம் பார்த்தோம். ஒவ்வொரு முனையிலும் மலர் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தி வைத்துச் சர்குணம் ஃபோனில் படம் எடுத்தார். “இன்னும் கொஞ்சம் லெஃப்ட் கா. சோகமாப் பாருங்க கா.” கோட்டை வாசலில் சோகமாகப் பார்த்தேன், துறைமுகத்தில் சோகமாகப் பார்த்தேன். டிராமுக்காகக் காத்திருந்தபோது யாரும் கேட்காமலே சோகமாகப் பார்த்தேன். டிராமில் சர்குணம் இடங்களைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். எதிரே ஒரு தாய் தன் பையனிடம் ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாள் என்று ரைவோவிடம் கேட்டேன். சொல்லலாமா என்று தயங்கி, “‘கத்தாதே, நம்மையும் சுற்றுலாக்காரர்கள் என்று நினைப்பார்கள்’ என்றாள்,” என்றார். இறங்கும்போது சர்குணம் எங்கள் ஊர்ப் பேருந்து மாதிரி இங்கே தேவையில்லை என்று தெரியாமல், பயண அட்டையை இயந்திரத்தில் தட்டியே தீருவேன் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு கூட்டமே பேசாமல் காத்திருந்தது. அந்தப் பேசாமை திட்டுவதைவிட மோசம்.

சாயங்காலம் என்று பெயருக்குச் சொல்லப்படும் நேரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சர்குணம் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கா, யோசிச்சுட்டேன். பகல்லயே எடுத்துடலாம். ராத்திரி முழுக்கத் தேடுறா, ஆனா இருட்டவே இல்ல. வித்தியாசமா இருக்கும்ல?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். கழுத்து வரை முழுகினாலும் அவருக்கு மூளை வேலை செய்யும்.

“ஆனா மலர்தான் கா...” என்று இழுத்தார்.

“மலருக்கென்ன?”

“நைட்டுன்னா ஓகே. முகத்துல பாதிக்கு லைட் அடிச்சா மீதி இருட்டுல போயிடும். இப்ப ஃபுல் டேலைட், க்ளோசப், சுத்தி ஊரே வெள்ளையா இருக்கு. ஆடியன்ஸ் ஏத்துக்கணும்ல? சேனல்லயும் கேப்பாங்க. அந்த ஷோ பண்ற பொண்ணு இருக்குல்ல, கலரா, அது ஜூன்ல ஃப்ரீதான்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிறம், என் நிறம், மலர் நிறம், மூன்றும் ஒரே டப்பாக் காப்பித்தூள். காலையிலிருந்து என்னை நிறுத்தி வைத்து எடுத்த படங்கள் அவர் கையிலேயே இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் இந்த ஞானம் பிறந்திருக்கிறது! எனக்குச் சுருக்கென்றது. மலருக்காகக் கோபம் வந்ததா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு ழகரமும் வராது, அழுகையும் வராது.”

“டப்பிங் பண்ணிக்கலாம் கா.”

“அழுகையையுமா?”

அவர் கடலைப் பார்த்தார். “செப்டம்பருக்குத் தள்ளினா இருட்டு கிடைக்கும், ஆனா மலருக்கு லீவு கிடைக்காது. ஜூன்ல எடுத்தா வெளிச்சம். எப்படிப் பாத்தாலும் மலர் வர முடியாது கா. நான் என்ன செய்ய? நீங்களே சொல்லிடுங்க. உங்ககிட்டன்னா கோவிச்சுக்க மாட்டா.”

பார்த்தீர்களா, எவ்வளவு அழகாக அமைகிறது. இருட்டு வந்தாலும் அவள் போக வேண்டும், வெளிச்சம் வந்தாலும் அவள் போக வேண்டும். சொல்லும் வேலை மட்டும் என்னுடையது.

இப்படிப்பட்ட சேதியைக் குறுஞ்செய்தியில் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. மலர் பள்ளிக்குக் கிளம்ப ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள். தாலினில் அப்போது நள்ளிரவு. ஓட்டல் வாசல் படியில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். என் பக்கம் வானம் நீலமாக இருந்தது. அவள் பக்கம் கும்மிருட்டு. அடுக்குமாடி வீட்டின் சமையலறை, ஜன்னலில் எதிர் பிளாக்கின் தாழ்வார விளக்குகள் மட்டும். அவள் கை நீட்டி ட்யூப்லைட்டைப் போட்டாள்.

“அங்க என்னக்கா, பகலா?”

“நடு ராத்திரிம்மா.”

“ஐயோ, இருட்டவே இல்லியா?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஃபோனை ரொட்டிப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள்.

“பகல்ல எடுக்கப் போறாரா?”

“ம்.”

“அப்ப நான் இல்ல.”

“மலரு...”

“கதைல எல்லா சீனும் ராத்திரின்னு படிச்சப்பவே நெனச்சேன் கா. அதனாலதான் எனக்குக் குடுத்திருக்காங்கன்னு. பரவால்ல, இருட்டுலயாவது நடிக்கலாம்னுதான் ஒத்துக்கிட்டேன்.” கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டினாள். “நீங்க சொல்லிட்டீங்கன்னு சர்குணம் சார்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாகுது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் நாலு சமாதானம் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். படியிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. இத்தனை வருடமாக நானும் அந்த யூனிட்டுகளில் இருந்தவள்தான். ஒவ்வொரு தடவையும் இவளை அக்காவாகவும் அண்ணியாகவும் போட்டபோது காரணம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

காலையில் சர்குணம் தட்டில் ஹெர்ரிங் மீனோடு வந்து உட்கார்ந்தார். “சொல்லிட்டீங்களா கா?”

“சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். மலர் இல்லாத படத்துக்கு நான் வரல.”

“என்ன கா இது, சின்னப்புள்ளையாட்டம்?”

“ஆமா, சின்னப்புள்ளதான். இன்னிக்கிக் கப்பல் பட்டறையைப் பாக்கணும்ல? நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. ரைவோவுக்கு இன்னிக்கு லீவு. நான் சும்மா ஊரைப் பாக்கப் போறேன்.”

மீசையை நீவிக்கொண்டு போனார். நான் சமையல்கார நண்பர் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் எனக்குக் கடமான் சூப் கொடுத்தார், நான் அவருக்குச் சம்பால் மிச்சத்தைக் கொடுத்தேன். மதியத்துக்கு மேல் என் ஃபோன் அலற ஆரம்பித்தது. சர்குணம் டிராமில் எதிர்த்திசையில் ஏறிவிட்டிருக்கிறார். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் பைன் மரம், ஒரு குதிரை. வழி கேட்டால் எல்லோரும் கையைக் காட்டுகிறார்களாம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். ஓட்டல் பெயரே அவருக்குத் தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் வண்டியில் ஏறி உட்காருவார், இறங்குவார், நடுவில் நடப்பதெல்லாம் நான். இத்தனை வருடத்தில் அவர் ஒரு ஓட்டல் பெயரைக் கூடப் படித்ததில்லை.

“கா, ப்ளீஸ் கா. இங்க ஒரு மனுஷன் இல்ல.”

“வெளிச்சமாத்தானே இருக்கு? பாத்து வாங்க.”

ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் வழி சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அந்தச் சமையல்காரர் கடைக்கே வந்து சேர்ந்தபோது காலணி முழுக்கச் சேறு, முகம் வெயிலில் கன்றியிருந்தது. எதிரே உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

“சரி கா. மலரே பண்ணட்டும். சேனல்ல நான் பேசிக்கறேன்.”

“சரி.”

“ஆனா ஒண்ணு. சேகர்கிட்ட சொல்லி மேக்கப்ல கொஞ்சம் தூக்கி விட்டுடலாம். முகம், கழுத்து, கை. சேகர் பாத்துக்குவான்.”

சேகர் எங்கள் யூனிட் மேக்கப்காரர், நல்ல மனுஷன். அவர் கைபட்டால் யாரும் கோதுமை மாவில் புரண்டு எழுந்த மாதிரிதான் வருவார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் அவரிடம் கேட்பது அதைத்தான். இரண்டாவது கிண்ணம் சூப் ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மலரை அழைத்தேன். நீதான் நடிக்கிறாய் என்றேன். “பகல்லயா கா?” என்றாள். பகல்லதான் என்றேன். பின்னால் மணி அடித்தது, பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. “கிளாஸ் இருக்கு கா,” என்றாள். ஆனால் வைக்கவில்லை.

இரண்டாவதாகச் சேகரை அழைத்தேன். தீபாவளிக் கலைநிகழ்ச்சி ஒன்றின் முன்பதிவுக்கு அதே ஜூனில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், அவரை அங்கே கோத்துவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “குளிரு எனக்கு ஆகாது லா கா, நல்ல காரியம் பண்ணீங்க,” என்றார்.

ஜூன் விடுமுறை தொடங்கிய வாரம் சாங்கியில் யூனிட் முழுக்கக் கூடியது. பெட்டிகள், கேமரா, ஊறுகாய் பாட்டில்கள், வழியனுப்ப வந்த சொந்தபந்தம். மலர் வாயில் பின்னைக் கடித்துக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பவுடர்கூடப் போடவில்லை. சர்குணம் ஒவ்வொரு முகமாக விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார்.

“கா, சேகர் எங்க?”

“அவருக்கு டிக்கெட் போடல.”

“ஐயோ, மறந்துட்டீங்களா கா?”

“மறக்கல,” என்றேன்.